சைக்கிள் சில்லை இலகுவாகக் கழற்ற: பிரேக் லீவரிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

சில்லு கழராமல் நிற்பதற்கு நட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பானர் போட்டால் நட்டு தளரும், அச்சும் ஃபோர்க்கின் வாயிலிருந்து இறங்கும். அதற்குப் பிறகுதான் டயர் பிரேக் கட்டைகளில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் பிரேக் வயரைப் பிடித்திருக்கும் போல்டைத் தளர்த்திவிடுகிறார்கள். சில்லு உடனே வந்துவிடும். ஆனால் வயர் முன்பு எவ்வளவு இழுவையில் இருந்தது என்று பிறகு தெரியாது. போல்டு கடித்த இடத்தில் இழைகள் பிரிந்து நிற்கும். பிரேக்கை முதலிலிருந்து கட்டவேண்டிவரும்.

ஒழுங்காக வடிவமைத்த பிரேக்கில் அந்தப் போல்டைத் தொடவே தேவையில்லை. வயரைத் தற்காலிகமாகத் தளர்த்த, ஹாண்டிலில் கையால் அழுத்தும் லீவரிலோ, கீழே பிரேக்கிலோ ஓர் இடம் வைத்திருப்பார்கள்; அதைத்தான் ரிலீஸ் என்கிறேன். அதைக் கண்டுபிடித்து, சரியான ஒழுங்கில் திறந்து மூடும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்படி ஓர் இடமே இல்லாத சைக்கிளுக்கு லீவரை மாற்றும் வேலை கடைசிப் பகுதிகளில் வருகிறது.

1. எவ்வளவு இடம் குறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள்

ரிம்மின் வெளி அகலம் 22 மி.மீ. என்று வையுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால், இரண்டு கட்டைகளுக்கும் இடையே 26 மி.மீ. இருக்கும். 25 மி.மீ. ரேஸ் டயர் அதனூடாக உரசாமல் போய்விடும். 32 மி.மீ. டயருக்கு இன்னும் 6 மி.மீ. வேண்டும். தடித்த 1.75 அங்குல டயர் 44 மி.மீ. வரும், அதற்கு 18 மி.மீ. குறைகிறது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், சின்ன ரிலீஸ் ஒன்று 6 மி.மீ. தரும், 18 மி.மீ. தராது. தடித்த டயருக்கு வயரை முழுமையாக விடுவிக்கும் வழிதான் சரிவரும்.

இன்னொன்று. காற்றுப் போன டயர் எந்தப் பிரேக்கிலிருந்தும் நசுங்கி வெளியே வந்துவிடும். அப்போது ரிலீஸின் நினைவே யாருக்கும் வராது. டியூபை ஒட்டி, பம் அடித்து, டயரைக் கல்லுப்போல ஆக்கிவிட்டுத் திரும்பப் போடப் போகும்போதுதான் கட்டை வழிமறிக்கும். கொழும்பின் காலி வீதி ஓரத்தில், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, வயர் போல்டில் கை வைப்பது அந்த நேரத்தில்தான். ரிலீஸ் இல்லாத சைக்கிளென்றால் சில்லைக் காற்றில்லாமலே பூட்டிவிட்டுப் பிறகு பம் அடியுங்கள்.

2. உங்கள் சைக்கிளில் ரிலீஸ் எங்கே இருக்கிறது

கருவியை எடுக்கமுன் ஹாண்டிலிலிருந்து சில்லு வரைக்கும் வயரைக் கண்ணால் தொடர்ந்து போங்கள்.

ஹாண்டிலில் லீவரைப் பாருங்கள். வளைந்த ரேஸ் ஹாண்டில் என்றால் லீவரின் உடலிலோ இழுக்கும் பகுதியிலோ சிறு பட்டன் அல்லது குறுக்கே ஓடும், ஆணி போன்ற பின் இருக்கலாம். கம்பாக்னோலோ நிறுவனத்தின் ரிம் பிரேக் லீவர்களில் இந்தப் பின் உண்டு. டெக்ட்ரோ நிறுவனமும் பட்டன் வைத்த லீவர்கள் செய்கிறது. நேர் ஹாண்டில் என்றால், வயர் நுழையும் இடத்தில் உள்ள திருகு உருளையைப் பாருங்கள். அதன் நீளத்துக்கு ஒரு கீறல் வெட்டியிருந்தால் உங்கள் லீவரிலேயே ரிலீஸ் இருக்கிறது. இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

பிறகு கீழே பிரேக்குக்கு வாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் ரேஸ் பிரேக்குகளில், கட்டையைத் தாங்கி வயரைப் பிடிக்கும் பிரேக் கைக்குப் பக்கத்தில் மேலும் கீழும் திரும்பும் சின்ன நாக்கு இருக்கும். சில்லின் இருபுறமும் இரண்டு நீண்ட கைகள் நிமிர்ந்து நிற்கும் வி பிரேக்கில் வளைந்த உலோகக் குழாய் ஒன்று கொக்கிக்குள் செருகியிருக்கும். பழைய கான்டிலீவர் பிரேக்கில் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்கு வயரின் ஒரு முனையைக் கொக்கியிலிருந்து கழற்றலாம்.

டிஸ்க் பிரேக்கில் ரிலீஸ் தேவையில்லை. கட்டைகள் சில்லின் நடுவில் உள்ள உலோகத் தட்டைப் பிடிக்கின்றன, டயருக்கு அவை தடையே இல்லை. ஆனால் சில்லு வெளியே இருக்கும்போது லீவரை அழுத்தக்கூடாது. வயருக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் வகையில், கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன்கள் முன்னுக்கு வந்து இடைவெளியை மூடிவிடும், பிறகு தட்டு நுழையாது. மடித்த அட்டைத் துண்டொன்றைக் கட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டால் அந்தப் பயம் இல்லை. இறக்கம் இறங்கி வந்தவுடன் தட்டைத் தொடாதீர்கள், சுடும்.

வயருக்குப் பதில் இரும்புக் கம்பிகள் இழுக்கும் கம்பி பிரேக் போட்ட பழைய பெரிய சைக்கிள் தனிக்கதை. அதில் கட்டைகள் ரிம்மை ஸ்போக் பக்கமிருந்து பிடிக்கின்றன, அவற்றைத் தாங்கும் வளையம் டயரைச் சுற்றி வருகிறது. அதனால்தான் சைக்கிள் திருத்தும் பாஸ்மார் சில்லைக் கழற்றாமல் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கிளப்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நட்டுப் பூட்டிய சில்லுக்கு ஸ்பானர். பின்சில்லுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ., முன்சில்லுக்கு அதைவிடச் சிறியதும் வரும். வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்து, பொருந்துவதைப் பையில் வையுங்கள். திருகி அகலமாக்கும் ஸ்பானர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். நடுவழியில் மூலை தேய்ந்த நட்டு கழரவே கழராது.

பழைய துணி ஒன்றும் வேண்டும். ரிம்மில் எண்ணெய்க் கை படாமல் இருப்பதற்கு. அலன் கீ, வயர் வெட்டி எல்லாம் லீவர் மாற்றும்போதுதான் தேவை.

எந்த லீவர் எந்தச் சில்லுக்கு என்றும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கொண்டுவந்து விற்கும் பாவித்த சைக்கிள்களில் இடம் வலம் மாறியிருக்கும்.

4. லீவரில் திறப்பது: ரேஸ் ஹாண்டில்

லீவரைக் கொஞ்சம் இழுங்கள். முழுதாக வேண்டாம், பின்னின் மேலுள்ள அழுத்தம் நீங்கினால் போதும். இழுத்தபடியே பின்னைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிறகு கையை விடுங்கள். லீவர் வழமையாக நிற்கும் இடத்தைத் தாண்டி வெளியே போய் நிற்கும். அது போன தூரத்துக்கு வயர் தளர்ந்திருக்கும், கீழே கட்டைகள் விரிந்திருக்கும்.

இழுக்காமல் பின்னைத் தள்ளினால் அசையாது. லீவர் ஓய்வாக நிற்கும்போது ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தப் பின்னில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் குத்தித் தள்ளிப் பின்னை வளைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

திரும்பப் பூட்ட, லீவரை வழமையான இடத்துக்குக் கொஞ்சம் உள்ளாக இழுத்துப் பிடித்து, பின்னை வந்த வழியே தள்ளுங்கள்.

இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம் மூட மறந்தாலும் பிரேக் பிடிக்கும் என்பது. லீவரின் பயணத்தை அது வெளிப்பக்கமாக நீட்டுகிறது. கட்டை ரிம்மைத் தொடும்போது லீவர் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நிற்கும். தொடங்கும் இடம் மட்டும் தள்ளிப்போயிருக்கும். சின்னக் கைக்காரருக்கு விரல் எட்டுவது சிரமமாகலாம், ஆனால் லீவர் ஹாண்டிலில் முட்டாது. அதுவே கீழே பிரேக்கில் உள்ள நாக்கைத் திறந்தபடி விட்டால் கதை வேறு. கட்டைகள் தூரப் போய்விட்டன, லீவர் பழைய இடத்திலிருந்தே தொடங்குகிறது, பிடிப்பு வருவதற்குள் லீவர் ஹாண்டிலைத் தொட்டுவிடலாம். தவிர, லீவர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது ஏறி உட்கார்ந்தவுடன் கண்ணில் படும். கீழே திறந்து கிடக்கும் நாக்கு படாது.

பாவித்த பாகங்களை வாங்கிச் சேர்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கம்பாக்னோலோவின் பெரும்பாலான ரேஸ் பிரேக்குகளில் கீழே ரிலீஸ் இல்லை, அது லீவரில் இருக்கிறது. ஷிமானோவில் லீவரில் இல்லை, கீழே இருக்கிறது. ஷிமானோ லீவரையும் கம்பாக்னோலோ பிரேக்கையும் சேர்த்துப் போட்டால் எங்குமே ரிலீஸ் இராது. விலை மலிவு என்று வாங்கியவருக்கு முதல் டியூப் ஓட்டையில்தான் அது தெரியவரும்.

5. லீவரில் திறப்பது: நேர் ஹாண்டில்

கொழும்பில் ஓடும் சைக்கிள்களில் அதிகம் இந்த வகைதான், அதனால் நின்று நிதானமாகப் பாருங்கள்.

லீவருக்குள் வயர் நுழையும் இடத்தில் திருகு உருளையும், அதை இறுக்கிப் பிடிக்கும் வட்டப் பூட்டும் இருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு கீறல். லீவரின் உடலிலும் ஒரு கீறல், அனேகமாக முன்பக்கமோ அடிப்பக்கமோ. இந்த மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் வயரைப் பக்கவாட்டில் உருவி எடுத்துவிடலாம்.

முதலில் வட்டப் பூட்டைத் தளர்த்துங்கள். உருளையை லீவருக்குள் போகும் வரை திருகுங்கள். இதிலேயே வயர் சில மில்லிமீற்றர் தளரும். ஒல்லியான டயருக்கு இதுவே போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். திருப்பிய சுற்றுகளை எண்ணி வையுங்கள், திரும்ப அதே அளவு வெளியே எடுக்க வேண்டும்.

போதாதென்றால் மூன்று கீறல்களையும் நேராக்குங்கள். இப்போது கீழே போய், ஒரு கையால் பிரேக்கின் இரு கைகளையும் ரிம்மோடு சேர்த்து நெரியுங்கள். வயர் தளர்ந்துவிடும். மற்றக் கையால் வயரின் வெளிக்குழாயை உருளையிலிருந்து பின்னுக்கு இழுத்து, வயரைக் கீறல் வழியே வெளியே எடுங்கள். கைகளை விட்டதும் பிரேக் அகலத் திறந்துவிடும். 18 மி.மீ. தேவைப்பட்ட அந்தத் தடித்த டயருக்கும் இப்போது வழி கிடைத்துவிட்டது.

பிரேக்கை நெரிக்காமல் வெளிக்குழாயை மட்டும் இழுத்துப் பார்க்கிறவர்கள் பலர். ஸ்பிரிங் வயரை இழுத்துப் பிடித்திருக்கும்போது அது வராது. பலமாக இழுத்தால் குழாயின் நுனியில் உள்ள மூடி பிய்ந்துவிடும்.

திரும்பப் போட்டபின் உருளையையும் வட்டப் பூட்டையும் கால் சுற்றாவது திருப்பி, கீறல்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி இறுக்குங்கள். நேராக விட்டால் குலுக்கலில் வயர் தானாக வெளியே வரலாம். இந்த முறையில் மறக்கக்கூடாத ஒரே படி இதுதான்.

6. பிரேக் பக்கத்தில் திறப்பது

ரேஸ் பிரேக்கின் நாக்கை மேலே தூக்கினால் திறக்கும், கீழே இறக்கினால் மூடும். வயர் அளவுக்கு மீறி இறுக்கமாக இருப்பதால் நாக்கைப் பாதியில் விட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது சரிசெய்யும் திருகு அல்ல. வயரைச் சரியான அளவுக்குக் கட்டிவிட்டு, நாக்கை முழுமையாக மூடி ஓடுங்கள்.

வி பிரேக்கில் இரு கைகளையும் ஒன்றாக நெரித்து, வளைந்த குழாயைக் கொக்கியிலிருந்து பின்னுக்கு இழுத்து மேலே தூக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் சைக்கிள்களில் உப்புக்காற்றால் குழாயின் நுனி கொக்கியோடு ஒட்டிக்கொள்ளும். குறடு போட்டுத் திருகாதீர்கள். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டையில் சிந்தாமல் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் விடுங்கள். ரப்பர்க் கவசம் நகர்ந்திருந்தால் குழாயின் நுனி கொக்கியில் முழுதாக உட்காராது. மூடும்போது அதையும் பாருங்கள்.

7. சில்லை வெளியே எடுக்கும் ஒழுங்கு

எப்போதும் பிரேக் முதலில், அச்சு பிறகு. அச்சை முதலில் தளர்த்தினால் சில்லு சரிந்து ஒரு கட்டையில் சாய்ந்து நிற்கும். ஒரு கையால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுகையால் சாய்ந்த பிரேக்கை நெரிக்க முடியாது.

பின்சில்லு என்றால் அதற்கும் முன் ஒரு வேலை. கியர் உள்ள சைக்கிளில் மிகச் சிறிய பல்லுச் சக்கரத்துக்குச் செயினை மாற்றுங்கள். வெளிப்பக்கம் இருக்கும் அந்தப் பல்லில் செயின் நின்றால் சில்லு நேராக இறங்கும். திரும்பப் போடும்போதும் எந்தப் பல்லில் செயினை வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

முன்சில்லில், ஸ்பானர் இல்லாமல் நெம்பால் திறக்கும் குயிக் ரிலீஸ் அச்சு இருந்தால், நெம்பைத் திறந்த பிறகும் சில்லு இறங்காமல் நிற்கும். ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் சின்ன உதடுகள் பாதுகாப்புக்காக அச்சைத் தடுக்கின்றன. மறுபக்க நட்டைச் சில சுற்றுத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். நட்டுக்கு உள்ளே இருக்கும் சின்னக் கூம்பு ஸ்பிரிங் வீதியோரக் கானுக்குள் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

ஹைட்ரோலிக் பிரேக் உள்ள சைக்கிளை நீண்ட நேரம் தலைகீழாக நிறுத்தாதீர்கள். லீவரின் தொட்டியில் உள்ள காற்று குழாய்க்குள் இறங்கினால் பிரேக் பஞ்சாகிவிடும்.

8. திரும்பப் போடுவது

இப்போது ஒழுங்கு தலைகீழ். சில்லு, அச்சு, கடைசியில் பிரேக்.

சைக்கிளை நேராக நிலத்தில் நிறுத்தி, அதன் பாரம் அச்சின் மேல் விழும்படி வைத்து இறுக்குங்கள். தூக்கிப் பிடித்தபடி இறுக்கினால் அச்சு ஒரு பக்கம் கொஞ்சம் கீழே நின்றுவிடும், சில்லு சாயும், ஒரு கட்டை உரசும். பிரேக் கோணிப்போய்விட்டது என்று நினைத்து அதைத் திருகத் தொடங்குவார்கள். பிழை அச்சில் இருக்கிறது.

குயிக் ரிலீஸ் நெம்பு, அச்சுக்கு நேராக நீட்டி நிற்கும் நிலையில் இறுக்கம் கொடுக்கத் தொடங்க வேண்டும். மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்குப் பலம் தேவைப்பட்டால் சரி. நெம்பைச் சுற்றிச் சுற்றித் திருகாதீர்கள், அது வளைத்து மூடுவதற்கு உரியது.

பிறகு ரிலீஸை மூடி, லீவரைப் பல தடவை பலமாக அழுத்துங்கள். சில்லைச் சுற்றிவிட்டு உரசுகிறதா என்று கேளுங்கள். லீவரை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் ஹாண்டிலுக்கும் அதற்கும் நடுவே இடம் மிஞ்ச வேண்டும். வீட்டு ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தபிறகு பெரிய வீதிக்குப் போங்கள்.

9. ரிலீஸே இல்லையா? லீவரை மாற்றுங்கள்

கடையில் பிரேக் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். இரும்புக் கை வைத்த சாதாரணப் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ரிலீஸ்தான் இல்லை என்றால், கீறல் உள்ள நேர் ஹாண்டில் லீவரோ பட்டன் வைத்த ரேஸ் லீவரோ போட்டால் போதும் என்பது என் கணிப்பு. செலவும் குறைவு. புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய லீவரைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கமுன் பொருத்தம் பார்க்க வேண்டும். முதலாவது ஹாண்டிலின் தடிப்பு. லீவர் பிடிக்கும் இடத்தில் நேர் ஹாண்டில் 22.2 மி.மீ., வளைந்த ரேஸ் ஹாண்டில் ஏறக்குறைய 24 மி.மீ. ஒன்றுக்குரியது மற்றதில் ஏறாது.

அடுத்தது வயர் இழுக்கும் தூரம், அதிகம் பிழைக்கிற இடம். வி பிரேக்குக்கு நீண்ட இழுவை வேண்டும். சாதாரண ரேஸ் பிரேக்குக்கும் கான்டிலீவருக்கும் அதில் பாதியளவு. குறுகிய இழுவை லீவரை வி பிரேக்கில் போட்டால் லீவர் ஹாண்டிலைத் தொட்டுவிடும். நீண்ட இழுவை லீவரைச் சாதாரணப் பிரேக்கில் போட்டால் கைக்கு இறுக்கமாக, நன்றாகப் பிடிப்பதுபோலத் தெரியும், ஆனால் சைக்கிள் நிற்காது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் கடையில் அழுத்திப் பார்க்கும்போது அது நல்லதாகவே படும். எந்தப் பிரேக்குக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

வயரின் தலையும் வேறுபடும். நேர் ஹாண்டில் லீவருக்கு உருளைத் தலை, ரேஸ் லீவருக்குப் பேரிக்காய் வடிவத் தலை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு வகைத் தலை வைத்து விற்கும் வயரை வாங்கினால் வேண்டாததை வெட்டி எறியலாம்.

10. புதிய லீவரைப் பூட்டுவது

பழைய வயரைப் பாவிக்காதீர்கள். போல்டு கடித்த இடம் புதிய லீவரில் வேறெங்கோ வந்து நிற்கும், அங்கேதான் அறும்.

கைப்பிடியைக் கழற்றி லீவரைச் செருகி, சைக்கிளில் உட்கார்ந்து, விரல்கள் மணிக்கட்டுக்கு நேராக நீளும் சாய்வில் வைத்து இறுக்குங்கள். 6 முதல் 8 நியூட்டன் மீற்றர் போதும். விழுந்தால் லீவர் உடையாமல் ஹாண்டிலில் சுழன்று கொடுக்கும் அளவுக்கு இறுக்கம்.

வெளிக்குழாயை நீளம் பார்த்து வெட்டுங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடக்கூடாது. வெட்டிய நுனி நசுங்கியிருந்தால் அரத்தால் தட்டையாக்கி மூடி போடுங்கள். நசுங்கிய நுனிதான் பிரேக் பஞ்சுபோல இருப்பதற்குப் பாதிக் காரணம்.

அடுத்து, புதியவர்கள் தவறவிடும் படி. வயரைக் கட்டும்போது எல்லா ரிலீஸும் மூடிய நிலையில் இருக்க வேண்டும், திருகு உருளை இரண்டு சுற்று வெளியே எடுத்திருக்க வேண்டும். ரிலீஸைத் திறந்து வைத்துக் கட்டினால், மூடும்போது கட்டை ரிம்மை இறுக்கும், பிறகு திறந்து வைத்துத்தான் ஓட வேண்டும். உருளையை வெளியே எடுத்து வைப்பது, சில்லு கழற்றும்போது உள்ளே திருகித் தளர்த்த இடம் இருப்பதற்காக.

கட்டைகளை ரிம்மோடு நெரித்துப் பிடித்து, வயரை இழுத்து, கொஞ்சம் திரும்ப விட்டு, போல்டை இறுக்குங்கள். லீவரைப் பலமாக அழுத்திப் பிடித்திருங்கள்; புதிய வயர் கொஞ்சம் இளகும், குழாய் நுனிகள் மூடிக்குள் உட்காரும். மறுபடி இழுத்துக் கட்டுங்கள். மிச்ச வயரை 3 முதல் 4 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, நுனிக்கு மூடி நசுக்குங்கள்.

கீறல் உள்ள லீவரில் மழை நேராக இறங்கும், அது இந்த வடிவமைப்பின் குறை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கீறலைத் திறந்து, வயரை வெளியே எடுத்துத் துடைத்து, லேசாக கிரீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். பட்டன் வைத்த லீவரில் பின்னுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டயரில் காற்று இருக்கும்போதே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.